பரணில் இருப்பது பழசா, பொக்கிஷமா?

பழைய கம்ப்யூட்டர்கள் பற்றிப் பெங்களூரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

ஐ.டி. ஊழியர், ஒயிட்ஃபீல்டு: பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் அதிகம் ஏங்குவது எதற்கு?

ஆப்பிள்-1. 1976-ல் ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தது. தயாரானது சுமார் 200 தான். விலை 666.66 டாலர். பெட்டி கிடையாது, கீபோர்டு கிடையாது, பவர் சப்ளை கிடையாது. வாங்கியவர்தான் தேடிச் சேர்க்க வேண்டும். அந்த வெறும் போர்டு ஒன்று 2014-ல் போனம்ஸ் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போனது. வாங்கியது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம்.

கல்லூரி மாணவி, ஜெயநகர்: அவ்வளவு சக்திவாய்ந்த கம்ப்யூட்டரா அது?

இல்லை. அடுத்த ஆண்டே வந்த ஆப்பிள்-2 எல்லா வகையிலும் மேல். அதனால் ஆப்பிள் நிறுவனமே பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தது. திரும்பி வந்தவற்றை அழித்தும் விட்டது. எஞ்சியவற்றின் விலை ஏறியது அப்படித்தான். கோடிக்கு மேல் விற்ற கமடோர் 64-ஐ இன்றும் நியாயமான விலைக்கு வாங்கலாம். எத்தனை செய்தார்கள் என்பதோடு எத்தனை தப்பின என்பதையும் பாருங்கள்.

ஆட்டோ ஓட்டுநர், அல்சூர்: நம்ம பெங்களூரில் பிறந்த கம்ப்யூட்டர் ஏதாவது அந்த வரிசையில் உண்டா சார்?

உண்டு. சிம்ப்யூட்டர். உங்கள் ஊர்க்காரர்கள் பெருமையோடு தேட வேண்டிய பொருள் அது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கியது. 2001-ல் மாதிரியைக் காட்டினார்கள். 2004-ல் பிகோபீட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்று கடைக்குக் கொண்டுவந்தன.

உள்ளங்கையில் அடங்கும். லினக்ஸில் ஓடும். கையில் அசைத்தால் அந்த அசைவையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஐபோன் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு! எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக எழுத்தை வாசித்துச் சொல்லும் ஏற்பாடும் அதில் இருந்தது. கிராமத்தில் ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம்; அவரவர் விவரம் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும். ஏழைகளை மனதில் வைத்தே தொடங்கிய சிந்தனை அது. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றுவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பள்ளி ஆசிரியை, கோலார் தங்கவயல்: நான் படித்த பள்ளியில் 1980-களில் சிவப்பு விசைகள் கொண்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது என்னவாக இருக்கும்?

மேல் வரிசை விசைகள் சிவப்பு என்றால் பெரும்பாலும் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் செய்தது. 1984-ல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு அனுப்பியது இதைத்தான். பிறகு மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே ‘எஸ்.சி.எல். யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரித்தது.

இங்கிலாந்தில் பிபிசி மைக்ரோ ஏராளம். நம் யூனிகார்னோ அபூர்வம். பள்ளியின் ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே விசாரியுங்கள். பழைய இருப்பைக் கழிக்கும்போது முதலில் வெளியே போவது இந்த மாதிரிப் பொருள்தான்.

மெக்கானிக், எஸ்.பி. ரோடு: நாற்பது வருஷத்துப் பெட்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பிளக்கைச் சொருகிப் பார்த்துவிடலாமா?

கூடவே கூடாது. ஆசைப்பட்டு சுவிட்சைத் தட்டிய அந்த ஒரு நொடியில் செத்த இயந்திரங்கள் நிறைய.

முதலில் மூடியைக் கழற்றுங்கள். போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்து பச்சை பூத்திருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்தது காரம்; கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். அடுத்து பவர் சப்ளையைப் போர்டிலிருந்து பிரித்து, லோடு கொடுத்துத் தனியாகச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் 5 வோல்ட் 5 ஆகவே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் போர்டோடு இணைக்க வேண்டும்.

பிபிசி மைக்ரோவாக இருந்தால் இன்னொன்று. மின்சாரம் நுழையும் இடத்தில் ஒளி ஊடுருவும் உறை போட்ட ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கும். காலப்போக்கில் உறை வெடித்து ஈரம் உள்ளே போயிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் புகை கக்கும். புதியதை மாட்டிவிட்டே தொடங்குங்கள். அமெரிக்கப் பெட்டி என்றால் 110 வோல்ட்டா என்று பின்பக்கம் படியுங்கள். நம் 230-ஐத் தாங்காது. பழைய பிக்சர் டியூப் மானிட்டரை மட்டும் அனுபவமுள்ள டிவி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அணைத்த பிறகும் அதில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

வாசகர், திருவான்மியூர்: கடற்கரையில் வீடு. என் சேகரிப்பைப் பெங்களூரில் இருக்கும் மகனிடம் அனுப்பிவிடலாமா?

அனுப்பலாம். 900 மீட்டர் உயரம், உப்புக் காற்று இல்லை. உலோகத்துக்கு நல்ல ஊர். ஆனால் மழைக்காலப் பூஞ்சை அங்கேயும் உண்டு. ஃபிளாப்பிகளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்கச் சொல்லுங்கள். பூஞ்சை படிந்த ஃபிளாப்பியை டிரைவில் போட்டால் தகவலும் போகும், டிரைவின் தலையும் போகும்.

இளைஞர், சிவாஜிநகர்: பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது. வெளுக்க வழி உண்டா?

ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயில் காட்டினால் வெளுக்கும். பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் புற ஊதாக் கதிரும் சேர்ந்து மஞ்சளாக்குகின்றன என்பார்கள். ஆனால் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பவும் வரலாம். திட்டுத் திட்டாகவும் ஆகலாம். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். என் விருப்பம்: உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள், வயதின் நிறம் அப்படியே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற சர்வீஸ் இன்ஜினீயர், ஜாலஹள்ளி: வீட்டில் மூட்டை மூட்டையாக சர்வீஸ் மேனுவல்கள். எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாள் மருமகள்.

மருமகளிடம் என் வணக்கத்தைச் சொல்லி, மூட்டைகளைக் காப்பாற்றுங்கள் ஐயா. இயந்திரத்தைவிட அபூர்வம் அதன் காகிதம். சர்க்யூட் படம் இல்லாத பெட்டியைப் பழுது பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது போல.

1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனபோது, இங்கே நின்ற அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. தயாரித்தவர் பக்கத்தில் இல்லாமலே ஓட்டிக் காட்டிய தலைமுறை உங்களுடையது. மேனுவலின் ஓரத்தில் பென்சிலால் நீங்கள் எழுதிய குறிப்புகள் எந்த அச்சிலும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைப் பிடியுங்கள். ரகசியம் என்று முத்திரை போட்டவை இருந்தால் மட்டும் பழைய அலுவலகத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்டார்ட்அப் நடத்துபவர், கோரமங்களா: இன்ஃபோசிஸின் முதல் கம்ப்யூட்டர் எது?

டேட்டா ஜெனரல் எம்.வி./8000. நிறுவனம் 1981-ல் புனேயில் தொடங்கியது. 1983-ல் பெங்களூருக்கு வந்தார்கள்; அந்தக் கட்டத்தில்தான் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வாய்த்தது. அதுவரை சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத மென்பொருள் நிறுவனம்! இந்த மாடல் உருவான கதையைத்தான் டிரேஸி கிடர் புத்தகமாக எழுதிப் புலிட்சர் பரிசு வாங்கினார். உங்கள் கம்பெனியின் முதல் லேப்டாப்பையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஆராய்ச்சி மாணவர், மல்லேஸ்வரம்: பெங்களூரின் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் முயற்சி எது?

ஃபுளோசால்வர். தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல்.லில், விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கணக்கிடுவதற்காகச் செய்தார்கள். 1986 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இன்டெல் 8086 சிப்பையும் அதன் துணையான 8087-ஐயும் வைத்து, பல செயலிகளை ஒரே கணக்கில் ஈடுபடுத்தினார்கள். புனேயின் பரம் 8000 வந்தது 1991-ல். இணைச் செயலிக் கணினியில் இந்தியாவின் முன்னோடி உங்கள் ஊர்தான். பின்னாளில் இந்த வரிசை பருவமழைக் கணிப்புக்கும் உழைத்தது.

வழக்கறிஞர், ஃப்ரேசர் டவுன்: பழைய கம்ப்யூட்டர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

தொல்பொருள் சட்டம் 1972-ஐ உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக 100 ஆண்டு ஆனால்தான் தொல்பொருள். இந்தியாவுக்கு வந்த முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டரான எச்.இ.சி.-2எம், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது 1955-ல். அந்தக் கணக்கில் 2055 வரை சட்டம் வராது. நாம்தான் வர வேண்டும்.

வியாபாரி, சிக்பேட்டை: முதலீடாக வாங்கிப் போடலாமா?

வேண்டாம். தங்கம் வாங்குங்கள், அதற்குக் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர், ஓசூர்: இணையத்தில் ஒரு ஆப்பிள்-1 மலிவாக வருகிறது. வாங்கலாமா?

மலிவு என்றால் நகல்தான். கற்றுக்கொள்ள நகல் அருமையானது. அசல் விலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சிப்பின் முதுகில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 7628 என்றால் 1976-ன் 28-ஆம் வாரம் செய்தது. இயந்திரத்தின் வயதுக்குப் பிந்தைய வாரம் இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். எண் பொருந்தினாலும் அசல் என்று உறுதியில்லை. பழைய சிப்பைத் தேடிப் போட்டு நகல் செய்பவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், பழைய கம்ப்யூட்டர் இறக்குமதிக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு. பணம் கட்டும் முன் சுங்க முகவரிடம் கேளுங்கள்.

ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செயலாளர், ஜே.பி. நகர்: இ-கழிவு சேகரிக்கிறோம். எதைக் கழிப்பது, எதை வைப்பது?

1990-க்கு முந்தையது எதுவானாலும் தனியாக எடுத்து வையுங்கள். விப்ரோ, எச்.சி.எல்., இ.சி.ஐ.எல். என்று இந்தியப் பெயர்ப்பலகை இருந்தால் இரண்டு மடங்கு கவனம். 1980-களின் தொடக்கத்தில் விப்ரோ 8086 சிப்பில் ‘சீரிஸ் 86’ வடிவமைத்தது இதே ஊரில்.

அவசரம் ஏன் என்றால், பழைய போர்டுகளிலும் செராமிக் சிப்புகளிலும் தங்கப் பூச்சு தாராளம். அதனால் காயலான் கடைக்குப் போனதும் முதலில் அமிலத்தில் விழுவது அபூர்வமான பொருள்தான். அந்த அமிலம் அதைக் கையாளும் பையனின் நுரையீரலையும் அரிக்கிறது. மற்றவற்றை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடமே கொடுங்கள். நாட்டிலேயே முதலில் அங்கீகாரம் பெற்ற இ-பரிசரா உங்கள் பக்கத்து தாபஸ்பேட்டையில்தான் இருக்கிறது.

குடும்பத் தலைவி, ஸ்ரீராமபுரம்: என் வீட்டுக்காரர் பரண் கொள்ளாமல் பழைய பெட்டிகளைக் குவிக்கிறார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சொல்கிறேன் அம்மா. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டச் சொல்லுங்கள்: எந்த வருஷம், எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள். ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். சீட்டு எழுத முடியாத பெட்டியை இன்னொரு பிரியருக்குக் கொடுத்துவிடலாம். சீட்டு உள்ளதை நீங்களும் காப்பாற்றுங்கள்.

வாசகர், மர்ஃபி டவுன்: எமுலேட்டரில் எல்லாமே ஓடுகிறதே, இயந்திரம் எதற்கு?

எமுலேட்டரில் தொடங்குங்கள், செலவே இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ரோமையும் ஃபிளாப்பியையும் யாரோ ஒருவர் அசல் இயந்திரத்திலிருந்து படித்தெடுத்ததால்தான் அது ஓடுகிறது. நம் இந்திய இயந்திரங்கள் பலவற்றுக்கு அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. செய்ய ஆள் வேண்டும். நீங்கள் வாருங்கள்.

பிளஸ் டூ மாணவன், விவேக்நகர்: கையில் காசு அதிகம் இல்லை. எங்கே தொடங்க?

டி.வி.எஸ். கோல்டு கீபோர்டிலிருந்து தொடங்கு தம்பி. சென்னை நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளே செர்ரி நீல சுவிட்சுகள். பில் போடும் கவுண்டர்களில் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கியும் உழைத்த கீபோர்டு. ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டு. அடுத்தது ஒரு 386 கம்ப்யூட்டர். அதற்குள் சால்டரிங் கை வந்துவிடும்.

தமிழாசிரியர், தாம்சன் டவுன்: நீங்கள் ஏங்கும் ஒரே பொருள்?

ஜிஸ்ட் கார்டு. ஐ.ஐ.டி. கான்பூரில் பிறந்து சி-டாக்கில் வளர்ந்தது. யூனிகோடு வராத காலத்தில், டாஸ் ஓடிய பி.சி.யில் இதைச் சொருகினால் திரையில் தமிழும் கன்னடமும் இந்தியும் தெரிந்தன. ஆங்கிலம் மட்டுமே பேசிய பெட்டியில் நம் எழுத்தைப் பார்த்த முதல் தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம்! அதில் அடித்த ஒரு தமிழ்க் கோப்போடு, ஓடும் நிலையில், ஒன்று வேண்டும்.

அதைவிடவும் வேண்டியது, அதில் உட்கார்ந்து தட்டியவரின் குரல். எழுபது, எண்பதுகளில் இந்த இயந்திரங்களைச் செய்தவர்களும் ஓட்டியவர்களும் இன்று எழுபது வயதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் போனில் பதிவு செய்யுங்கள். போன சிப்புக்கு இன்னொரு சிப் கிடைக்கும். அவருக்குத் தெரிந்தது அவரிடம் மட்டும்தான் கிடைக்கும்.