தெரியாத இலக்கங்கள்

1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்ஷன், கோட் டெ நேஜ் தமிழ் வீடுகளில் எல்லாருடைய காதும் ரெலிபோனில்தான் இருந்தது. 1990இல் சண்டை மறுபடி மூண்ட பிறகு குடாநாட்டு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேச வழியில்லை. சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார்களா என்பது, யாராவது ஒருவர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து சேர்ந்து, வெள்ளவத்தை லொட்ஜிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையிலோ நின்று எடுத்தால்தான் தெரியும். அது கடைக்காரருடைய இலக்கம். எங்களுக்கு எப்படித் தெரியும்? கொழும்பில் காலையில் கடை திறக்கும் நேரம் இங்கே நள்ளிரவு. அம்மா ரெலிபோனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பா. “இந்த நம்பருக்கு எடுங்கோ” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு நிமிடம் அங்கே காசு ஏறும். உடனே நாங்கள் திருப்பி எடுப்போம்.

2009இலும் அப்படித்தான். சித்தி முள்வேலிக்குள் இருக்கிறா என்ற சேதி மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய செல்போனில் வந்தது. அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது. அவருக்கு நன்றி சொல்லவும் முடியவில்லை.

இன்று அதே அம்மாவின் போனுக்கு நாள் முழுக்கத் தெரியாத இலக்கங்கள். காற்றுக்குழாய் துப்புரவு, வங்கி, வருமான வரிக்காரர் போலப் பேசிக் கைது செய்வோம் என்று மிரட்டுகிற குரல். 514, 438 என்று மொன்றியல் இலக்கமாகவே விழும். அழைப்பவன் எந்த நாட்டிலோ இருப்பான். இலக்கம் உண்மையானதா என்று சரிபார்க்கும் முறையைத் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசி 2021 நவம்பர் 30 முதல் கட்டாயமாக்கியது. தொல்லை தீர்ந்தபாடில்லை. வயதானவர்களின் சேமிப்பு இப்படிப் போவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஐபோனில் 2019 முதல் இதற்கு ஒரு வசதி உண்டு. தொடர்புப் பட்டியலில் இல்லாதவர் எடுத்தால் மணி அடிக்காது, நேரே வொய்ஸ்மெயிலுக்குப் போகும். மகன் தன் போனில் போட்டுவிட்டான். அம்மம்மாவுக்கும் போடச் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆபத்தில் அகப்பட்டவர் தன் போனிலிருந்து எடுப்பதில்லை. போன் உடைந்திருக்கும், பறிபோயிருக்கும், சார்ஜ் இறங்கியிருக்கும். பக்கத்தில் நிற்பவரின் போனைக் கேட்டு வாங்கித்தான் எடுப்பார். நாமே 911ஐ அழைத்தால் இந்த வசதி 24 மணி நேரம் தானாக நின்றுவிடும். அதைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஊரில் ஒருவருக்கு நேர்ந்த அவசரத்தை இந்தப் போன் எப்படி அறியும்?

இந்த நகரத்து மருத்துவமனைகூட இலக்கம் காட்டாமல்தான் அழைக்கிறது. அம்மாவின் வொய்ஸ்மெயிலில் ஸ்கான் தேதியைப் பிரெஞ்சில் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. மருத்துவமனைகளாவது தங்கள் பெயர் திரையில் விழும்படி அழைக்க வேண்டும்.

அம்மாவின் போனில் அந்த வசதியை நான் போடவில்லை. பின்னேரத்தில் பக்கத்தில் இருந்து, அன்றைக்கு வந்த குப்பை இலக்கங்களை ஒவ்வொன்றாகத் தடுத்துவிடுகிறேன். காசோ காட் நம்பரோ யார் கேட்டாலும், பேச்சை வளர்க்காமல் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.