மீனுக்கு விருந்து, பவளத்துக்குப் பாஸ்பேட்

கடலே இல்லாத தருமபுரியில் பவளத்தொட்டி வைத்து, கண்ணாடியில் பாசி படர்ந்ததும் பழியை ஆழ்குழாய்த் தண்ணீர் மேல் போடுவது எளிது. அதற்கு ஏற்கெனவே கெட்ட பெயர். ஃபுளோரைடுக்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு. பவளத்துக்குக் கறைபடப் பல் கிடையாது. பாசியை வளர்த்துப் பவளத்தை வாட்டுவது பாஸ்பேட். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் கலந்த தொட்டியிலும் அது ஏறுகிறதென்றால், பெரும்பாலும் வந்த வழி தீனி டப்பாதான். உறைந்த இறால் உருகிய நீரையும் சேர்த்து ஊற்றி, பந்தியில் விருந்தாளியை வற்புறுத்துவது போல மீனை உபசரிக்கும் கையை யாரும் சோதனைக்கு அனுப்புவதில்லை.

பாஸ்பேட்டை உறிஞ்சத்தான் இரும்பு ஆக்சைடு மணிகள் விற்கிறார்களே என்பார்கள். உறிஞ்சும், மறுக்கவில்லை. ஃபுளோரைடை நீக்கும் கிளர்வூட்டிய அலுமினாவும் பாஸ்பேட்டைப் பிடிக்கும். நம் மாவட்டத்துக்கு ஏற்ற சரக்குதான். ஆனால் பாறையும் மணலும் பாஸ்பேட்டைச் சேமித்து வைத்திருக்கின்றன. தண்ணீரில் குறையக் குறைய அவை கக்குகின்றன, மணிகள் நிரம்புகின்றன, அடுத்த பாக்கெட் வருகிறது. பூஜ்ஜியம்தான் தூய்மை என்று மொத்தமும் உறிஞ்சினால் பவளம் வெளிறும். லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் போதும். தீனியைக் குறைத்தால் மீன் பட்டினி கிடக்காதா? இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பதை மட்டும் போட்டால் கிடக்காது. அடுத்த பாக்கெட் வாங்குமுன் இறாலை வடிகட்டிப் போட்டு, சில வாரம் அளந்து பாருங்கள்.