மோட்டார் பார்க்கும் படலம்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு வீட்டுப் போர்டிகோவில் மில்லிங் மெஷினும், தெருவில் வேப்பமரத்தடியில் அந்த வீட்டுக் காரும் நின்றால், உள்ளே அவர் இருக்கிறார் என்று அர்த்தம். பெயர் எதுவாகவும் இருக்கலாம். பம்ப் கம்பெனியிலோ மில்லிலோ மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் கைகளுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. மூடப்போன ஒரு பட்டறையில் பழைய மெஷினை எடைக்கு வாங்கி வந்து, அதை வீட்டிலேயே சிஎன்சியாக மாற்றுகிறார். மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

முதல் வேலையாகக் கைச்சக்கரங்களைக் கழற்றிவிட்டார். அதனால் மெஷின் இப்போது கையால் ஓடாது. மோட்டார் இன்னும் போடவில்லை. அதனால் கம்ப்யூட்டராலும் ஓடாது. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் அதற்கு நடக்கிறது. "அடுத்த பூசைக்குள்ள ஓடீருமுங்க" என்கிறார். பூசணிக்காய் உடைகிறது. மெஷின் நிற்கிறது.

என்ன தடை என்று கேட்டால் ஒரே பதில்: "மோட்டார் அமையலீங்க." பெண்ணுக்கு வரன் பார்க்கும் சில தகப்பனார்கள் உண்டு. ஒரு பையனுக்குச் சம்பளம் போதாது, இன்னொருவனுக்கு உயரம் போதாது, மூன்றாமவனிடம் எல்லாம் இருந்தும் வீட்டு வாசல் தெற்குப் பார்த்துவிடும். அவர் மோட்டார் பார்ப்பதும் அப்படித்தான்.

முதலில் நீமா 23 ஸ்டெப்பர் வந்தது. பார்த்தவுடனே, "ஆள் சின்னதா இருக்கான்" என்று தள்ளிவிட்டார். 23 என்பது முகத்தட்டின் அளவு, 2.3 அங்குலம், அவ்வளவுதான். பலம் எவ்வளவு என்பதை லேபிளில் கிலோ சென்டிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டும். இது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மனசு ஒப்பவில்லை. அடுத்து 3.4 அங்குல முகத்தோடு நீமா 34 வந்து சேர்ந்தது. தூக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கைவசம் இருந்த 24 வோல்ட் சப்ளையில் கொடுத்து ஓட்டினார். மெதுவாகச் சுற்றியவரை யானை பலம். வேகம் ஏற்றியதும் ஒரு முனகல், பிறகு நின்ற இடத்திலேயே நடுக்கம். பெரிய ஸ்டெப்பரில் பொதுவாகச் சுருளின் இண்டக்டன்ஸும் அதிகம், ரோட்டரின் கனமும் அதிகம். வோல்ட் ஏற்றிக் கொடுக்காவிட்டால், வேகம் கூடக்கூட டார்க் கரைந்துபோகும். பெரிதாகப் போட்டுவிட்டால் கவலையில்லை என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

பிறகு சர்வோ. அதில் அவருக்குக் குறையே இல்லை, விலையைத் தவிர. "பெரிய எடமுங்க, நமக்குக் கட்டாது" என்று பெருமூச்சு விடுவார். விட்டுவிட்டு அரைமணி நேரம் அதன் புகழைப் பாடுவார். ஸ்டெப்பர் ஒரு சுற்றை 200 அடியாகப் பிரித்து நடக்கும். நடுவில் பத்து அடி தவறினாலும் வாயைத் திறக்காது, அடுத்த ஜாபும் வீண்தான். சர்வோவின் பின்புறம் என்கோடர் இருக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியும். எட்ட முடியாவிட்டால் அலாரம் போட்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவே என்கோடர் வைத்த ஸ்டெப்பர் ஒன்று நியாயமான விலையில் கடையில் கிடைக்கிறதே என்றால், "அது ரெண்டுங்கெட்டானுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கென்னவோ அவருக்கு ஏற்றது அதுதான்.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அவரை எல்லோருக்கும் தெரியும். ஒரு முறை டிரெட்மில் மோட்டார் ஒன்றைத் தூக்கி வந்தார். டிசி மோட்டார், மேலே இரண்டரை ஹெச்பி என்று ஸ்டிக்கர். எந்த வேகத்தில் இரண்டரை என்பதையும் அதே ஸ்டிக்கர் சிறிய எழுத்தில் சொல்லியிருந்தது. அதைப் பிறகுதான் படித்தார். அவ்வளவு வேகத்தில் ஓடினால்தான் அந்த ஹெச்பி. குறைத்து ஓட்டினால் ஹெச்பியும் கூடவே குறையும்.

மோட்டார் விஷயத்தில் இழுபறி என்றால் பெல்ட் விஷயத்தில் அவர் முனிவர். சட்டைப் பையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நான்கைந்து டைமிங் பெல்ட் துண்டுகள் எப்போதும் இருக்கும். கல்யாணப் பந்தியிலும் எடுத்துக் காட்டுவார். "இது எக்ஸ்எல். பல்லுக்குப் பல்லு 5.08 மில்லி. இது 5எம், சரியா 5 மில்லி. கடைக்காரன் ரெண்டும் ஒன்னுதான்னு குடுத்துட்டானுங்க." ஒன்றல்ல. இருபது பல் புல்லியில் பாதிச் சுற்று பெல்ட் படிந்தாலே முக்கால் மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். பல் பல்லின் மேல் ஏறும். வடிவமும் வேறு. எக்ஸ்எல்லின் பல் சரிந்த பக்கங்களோடு தட்டையாக இருக்கும். 5எம்மின் பல் உருண்டை, ஆழமாக உட்கார்ந்து பாரம் தாங்கும். போகிற பக்கம் எந்தப் பெல்ட்டும் இழுக்கும், திரும்பும்போது எது ஆடாமல் திரும்புகிறது என்பதுதான் கேள்வி என்பார். சின்னப் புல்லியில் ஆறு பல்லாவது கடிக்க வேண்டும், ஷாஃப்டில் கிரப் ஸ்க்ரூவை மட்டும் நம்பக் கூடாது, சாவிக்குக் காடி வெட்ட வேண்டும் என்பார். பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். இவர் சொல்வது அத்தனையும் சரி.

இந்தப் பல் வைத்த பெல்ட்டே 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காகப் பிறந்தது என்று ஒருநாள் வீட்டில் விளக்கினார்.

"ஏனுங்க, என்ற தையல் மெஷினுக்கு ஒரு பெல்ட்டு வாங்கியாங்கன்னு தைப்பொங்கலுக்குச் சொன்னேன். இப்ப ஆடி வந்துருச்சு" என்றார் அம்மணி.

அதன் மோட்டாரையும் கழற்றிவிடுவாரோ என்று அந்த அம்மாவின் கண் எப்போதும் கிரைண்டர் மேல்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அவரிடமிருந்து காப்பாற்ற அது போதாது. உண்மையில் கிரைண்டரைக் காப்பாற்றியது அதன் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்பதுதான். கெபாசிட்டர் வைத்த அந்த மோட்டாரைச் சாதாரண விஎஃப்டியில் மாட்டி வேகம் மாற்ற முடியாது. ஸ்பிண்டிலுக்குத் த்ரீ ஃபேஸ் மோட்டார்தான் வேண்டும். வீட்டு 230 வோல்ட்டை வாங்கி, அதே 230-ஐ மூன்று ஃபேஸாகத் தரும் விஎஃப்டி கிடைக்கிறது. 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய சின்ன மோட்டாராக இருந்தால், பெயர்த்தகட்டில் 230 டெல்டா என்றும் போட்டிருக்கிறதா பார்த்து, டெர்மினல் பெட்டியில் பட்டைகளை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவர் சறுக்குவது அதற்கடுத்த படியில். "விஎஃப்டி இருக்கறப்ப படிப்படியா புல்லி எதுக்குங்க?" என்று பழைய வி பெல்ட் புல்லிகளையும் எடைக்குப் போடப் போனார். 1440 சுற்று மோட்டாரை 25 ஹெர்ட்ஸில் பாதி வேகத்துக்கு இறக்கினால் டார்க் ஏறாமல் அப்படியே நிற்கும், ஹெச்பி பாதியாகிவிடும். அதே வேகத்தைப் புல்லியில் பாதியாக்கினால் டார்க் இரட்டிக்கும். பெரிய கட்டரை மெதுவாக ஓட்டி இரும்பு வெட்டும்போது இந்த வித்தியாசம் சத்தமாகவே கேட்கும். மோட்டார் வால்பக்க ஃபேனும் கூடவே மெதுவாகிச் சூடு ஏறும். தவிர, கட்டர் சிக்கினால் வழுக்கிவிட்டுக் காப்பாற்றுவதும் வி பெல்ட்தான். அச்சுகளுக்கு ஆகாத அந்த வழுக்கல் ஸ்பிண்டிலுக்கு வரம். நல்லவேளை, அன்று எடைக்கடை விடுமுறை.

பாலிடெக்னிக் பையன் ஒருவன் வந்தான். எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் வெட்டப் போறீங்க?" என்றான்.

வீட்டில் இத்தனை நாளாக யாரும் கேட்காத கேள்வி. அவர் கொஞ்சம் யோசித்தார்.

"மொதல்ல மோட்டார் மாட்டற பிளேட்டு வெட்டணும் தம்பி."

"அதை மாட்டினாத்தானே சார் இது ஓடும்?"

"ஆமா."

"எதுத்தாப்ல பட்டறையில குடுத்தா அரை மணி நேரத்துல..."

"வெளிய குடுத்தா அளவு வராது தம்பி."

அவரைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் காட்டப்பட்ட முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினும் புதிதாக வார்த்ததல்ல. சின்சினாட்டி கம்பெனியின் கைவசமிருந்த ரகத்தில் ஒன்றைப் பிரித்துச் சர்வோ மோட்டார்கள் பூட்டிய மாற்று மெஷின்தான். இதை அவரிடம் சொன்னால் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்பார். அவர்களிடம் விமானப்படைப் பணம் இருந்தது, கூடவே என்ன வெட்டுவது என்ற முடிவும் இருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது மரியாதை.

மோட்டார் கணக்கு இத்தனை கஷ்டமானதும் இல்லை. மேசை மேல் நிற்கும் சின்ன மில்லுக்கு ஒரு சுற்றுக்கு 5 மில்லி நகரும் பால் ஸ்க்ரூ, 19 கிலோ சென்டிமீட்டர் நீமா 23, 36 முதல் 48 வோல்ட் சப்ளை. நிற்கும்போது இருக்கிற டார்க்கில் பாதி ஓட்டத்தில் போய்விட்டாலும், மேசையை நூறு கிலோ விசையோடு தள்ளும். 6 மில்லி எண்ட்மில்லுக்கு அதில் பாதியே தாராளம். மேசை கனமாக இருந்தால் 15 மில்லி அகல 5எம் பெல்ட்டில் ஒன்றுக்கு இரண்டு குறைத்துக்கொள்ளலாம். விசை இரட்டிக்கும், வேகம் பாதியாகும். என்ன வெட்டப்போகிறோம், எவ்வளவு வேகமாக என்று தெரிந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற தேர்வு.

நீங்களும் மெஷின் மாற்றப்போகிறவராக இருந்தால் கட்டாயம் அவரைப் போய்ப் பாருங்கள். பெல்ட் பற்றி அவர் சொல்வதை ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், காபி கொடுப்பார், குடியுங்கள். மோட்டார் வாங்கக் கடைக்குப் போகும்போது மட்டும் தனியாகப் போங்கள்.