'முற்றும்' எதிர் 'தொடரும்': பாடி மேம்பாலத்துக்கு அப்பால் ஒரு கள ஆய்வு

அறிவியல் புனைகதைத் தொடர்கள் எப்படி முடிய வேண்டும் என்பதில் அறிஞர் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. முடிச்சுப் போட்டவனே அவிழ்த்துவிட்டுப் போகட்டும் என்பது முற்றும் கட்சி. அவிழ்ப்பது பார்ப்பவன் பாடு என்பது தொடரும் கட்சி. இரு தரப்பும் சென்னையின் பாடி மேம்பாலத்தைத் தாண்டி வந்து விசாரித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

இவ்வட்டாரத்தில் தயாராகும் நெடுந்தொடர் அறிவியல் புனைகதை 'பிக் பாஸ்'. இதை ரியாலிட்டி ஷோ என்று வகைப்படுத்துவோர் மேலோட்டமாகப் பார்த்தவர்கள். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில், ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டிக்குள், வெளியுலகத் தொடர்பு அறுந்த ஒரு வீடு. கடிகாரம் கிடையாது, செல்போன் கிடையாது, திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. உடம்பே இல்லாத ஒரு குரல் 'கன்ஃபெஷன் அறைக்கு வாருங்கள்' என்றால் வளர்ந்த மனிதர்கள் எழுந்து போகிறார்கள். விண்கலத்துக்கு வேறென்ன இலக்கணம்?

2017 முதல் ஒவ்வொரு சீசனும் அப்பழுக்கில்லாத முற்றும்: ஒருவர் கையைத் தூக்கிப் பிடிப்பார்கள், கோப்பை கொடுப்பார்கள், விளக்கை அணைப்பார்கள். மறுபடி ஒருநாள் அதே குரல், வேறு ஆட்கள். 2024-ல் கமல்ஹாசன் இடத்துக்கு விஜய் சேதுபதி வந்தார், குரல் அசரவில்லை. 1963-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வில் பி.பி.சி. செய்வதும் இதுதான்: நாயகன் உருமாறுவான், நடிகர் மாறுவார், கதை ஓடும். ஆக, சீசன் முடிந்ததும் தொடர் முடிந்ததும் ஒன்றல்ல. முற்றும் கட்சி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

தொடரும் கட்சிக்கு ஆவடி போதும். அங்கே உருவான 'அர்ஜுன்' பீரங்கி வண்டிக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். முதல் தொகுதி ராணுவத்தின் கைக்குப் போனது 2004-ல். முதல் சீசனே முப்பது ஆண்டு! 2021 பிப்ரவரியில் மார்க்-1ஏ வந்தது. இதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர், அமெரிக்கத் தொடர் 'லாஸ்ட்' ஆறே ஆண்டில் குழப்பிவிட்டது என்று அலுத்துக்கொள்வது முரண். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு அருகே, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் ஆய்வாளரிடம் சொன்னது: "அந்தத் தீவு இன்னாதான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல சார்." அவர் முற்றும் கட்சி. பக்கத்திலிருந்தவர், "சொன்னா மட்டும் இன்னா பண்ணப் போற?" என்றார். அவர் எந்தக் கட்சி என்று தீர்மானிக்க முடியவில்லை.

உண்மையில் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, ஆய்வுலகம் கண்டுகொள்ளாதது. கதை முடிவதற்கு முன் கடை ஷட்டரை இறக்கிவிடுவது. 'குவாண்டம் லீப்' 1993-ல் நின்றபோது, காலத்துக்குள் குதித்துக் குதித்து வீடு தேடிய நாயகன் சாம் பெக்கெட் கடைசி வரை வீடு திரும்பவில்லை என்று ஓர் எழுத்து அட்டையைப் போட்டு முடித்தார்கள். ஐந்து சீசன் பார்த்தவர்களுக்கு ஒரு வாக்கியம். அதிலும் அவன் பெயரில் ஒரு 'டி' குறைந்தது. நம்மூரில் 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' 2005-ல் நின்றதற்கு, ஒளிபரப்புக் கட்டணம் ஏறியதே காரணம் என்று அதன் நாயகன் முகேஷ் கன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விஞ்ஞானத்தாலும் யோகத்தாலும் வெல்ல முடியாதவனைக் கணக்குப்பிள்ளை வென்றுவிட்டார்.

இவற்றை 'திறந்த முடிவு' என்று கொண்டாடும் விமர்சகர்களை இந்த ஆய்வு கடுமையாகக் கண்டிக்கிறது. விடை தெரிந்தும் சொல்லாமல் விடுவது கலை. பணம் தீர்ந்து விடுவது வேறு.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த சீசன் இல்லையென்றால் எழுதுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டையைப் பிழை திருத்தவாவது நேரம் கிடைக்கும்.