சின்னப் படகு போதுமாம்

அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில், ஓஹையோவின் போர்ட் கிளின்டன் ஊரில், புத்தாண்டு இரவில் ராட்சத ஃபைபர் வால்ஐ மீன் ஒன்றைக் கிரேனில் கட்டி இறக்குவார்கள். அவ்வளவு பக்தி! அங்கே ஒருவர் மீன் பிடிக்கப் படகு வாங்கக் கிளம்பி, "சின்னதாக, பழைய படகு போதும்" என்றால், அது வீட்டாரின் காதுக்காகச் சொன்னது.

வால்ஐ பிடிக்கும் முறைகளில் ஒன்றான டிரோலிங் என்பது மணிக்கு 3 கிலோமீட்டர் போல ஊர்ந்தபடி தூண்டிலை இழுத்துப் போவது. கரையில் நடப்பவர் முந்திவிடுவார். இதற்கு ஒரு பெரிய இன்ஜின். அது அதிக வேகம் என்பதால், மெதுவாகப் போக 9.9 குதிரைத்திறனில் இன்னொன்று.

பழைய படகு விற்பனை விளம்பரத்தில் "நன்னீரில் மட்டும் ஓடியது" என்று பெருமை இருக்கும். ஈரி ஏரியில் வேறென்ன நீர் கிடைக்கும்?

உண்மையில் பார்க்க வேண்டியது, இன்ஜினைத் தாங்கும் பின்பலகை. பழைய படகுகள் பலவற்றில் அதன் உள்ளே பிளைவுட். திருகாணி ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி உளுத்திருக்கும். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல பலகை 'டண்' என்னும், ஊறியது 'சொத்' என்னும். இன்ஜினைத் தூக்கி, அடிமுனையைப் பிடித்து ஆட்டினால் பலகை நெளிவதும் தெரியும். சரியாக அந்த நேரத்தில்தான் விற்பவருக்கு, மீன் காட்டும் கருவியை இலவசமாகத் தரும் தாராளம் பிறக்கும்.

ஏரியின் மேற்குப் பகுதி சராசரியாக 7 மீட்டர் ஆழம்தான். காற்றடித்தால் அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும். இதைச் சொல்லியே 16 அடிப் படகு பார்க்கப் போனவர் 19 அடிப் படகோடு திரும்புவார். வால்ஐ பிடிக்கும் வரம்பு என்னவோ எல்லாப் படகுக்கும் ஒன்றுதான்: ஆளுக்கு நாளைக்கு 6.