இரட்டைக் குழல் வித்வான்

பழைய கார் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர் ஒரு ரகம், துடைக்கிறவர் ஒரு ரகம். இவர்களால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவர். இரண்டு சைலன்சர் குழல்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதுதான் அவருடைய வாழ்க்கைப் பிரச்சினை. ஓட்டும்போது அந்தக் குழல்கள் அவர் கண்ணில் படவே படாது. பின்னால் வரும் ஆட்டோக்காரருக்குத்தான் அந்தத் தரிசனம். ஆட்டோக்காரரோ சிக்னலையே பார்ப்பதில்லை.

நம்மவருக்கு வீடு மந்தைவெளிப் பக்கம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆயிற்று. வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆனால் "ஸ்போர்ட்ஸ் கார்" என்றுதான் சொல்வார். எப்படி என்றால், கதவு இரண்டுதானே என்பார். முழுக்க அடாவடி என்று தள்ளிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1962இல் விட்ட ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிச் செய்ததுதான். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஒரே இத்தாலியர், ஜியோவானி மிக்கலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் நம்மூர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்து விற்றது. ஆக, நம்மவர் கணக்கில் அவருடைய வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஹெரால்டுகள் ரேஸ் ஓடிய காலத்தைப் பற்றிப் பேசும்போது "நாங்க" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்க என்றால் வேலிக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் காபி வராது.

ஹெரால்டுக்குக் கம்பெனி கொடுத்தது ஒற்றைக் குழல். 948 சிசி என்ஜினுக்கு அது தாராளம். நாலு சிலிண்டர் புகையும் ஒரே குழாயில் வந்து சேர்ந்த பிறகு, வாசலில் அதை இரண்டாகப் பிரித்து அனுப்புவதால் வேகம் ஒரு துளி கூடப்போவதில்லை. ஆனால் நம்மவர் வாலிபத்தில் ஏதோ ஒரு பத்திரிகையில் ஜாகுவார் ஈ-டைப்பின் பின்பக்கப் படத்தைப் பார்த்துவிட்டார். 1961இல் ஜெனீவா கண்காட்சியில் உலகத்தையே வாய் பிளக்க வைத்த வண்டி. அதில் நம்பர் பிளேட்டுக்குக் கீழே, நட்டநடுவில், இரண்டு குழல்கள் ஒட்டினாற்போல் நீட்டிக்கொண்டிருக்கும். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. "அதே ஜாகுவார்காரன் 1968இல் நம்பர் பிளேட்டுக்கு இடம் வேண்டுமென்று குழல்களைப் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துவிட்டானே சார்" என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் அமெரிக்காவுக்காகப் பண்ணின அக்கிரமம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்படிப்பட்ட ஆசைகளை நிறைவேற்றி வைக்கத்தான் சிந்தாதிரிப்பேட்டை இருக்கிறது. கூவத்துக்கு அந்தக் கரையில் புதுப்பேட்டை, உடைத்த கார்களின் உறுப்பெல்லாம் அங்கே கிடைக்கும். இந்தக் கரைச் சந்துகளில் அவற்றைப் பொருத்திக் கொடுக்க ஆள் கிடைக்கும். கூப்பிடு தூரத்தில், அண்ணா சாலையில், சிம்ப்சன் கம்பெனி 1903இலேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டியிருக்கிறது. பேட்டையே 1734இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களைக் குடிவைத்து உண்டாக்கியது. தறிகள் போய்விட்டன. நூல் பிடித்துப் பார்ப்பது மட்டும் சைலன்சர் ஒட்டும் ஒரு பாயின் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிறது.

நம்மவர் துணிப்பையோடு வந்து இறங்குவார். அதில் கொத்தனாரிடம் கடன் வாங்கிய ரசமட்டம், தூக்குக்குண்டு, ஸ்டீல் ஸ்கேல், சாக்பீஸ் எல்லாம் இருக்கும். நாலாக மடித்த பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றும் இருக்கும். அதை வண்டிக்குப் பின்னால் விரித்து, அதில் கைகூப்பி வரவேற்கும் பிரமுகரின் மார்பில் தலை வைத்து மல்லாந்து படுத்துவிடுவார். மீன் மார்க்கெட்டுக்கு நேரம் அது. ஐஸ் தண்ணீர் தெருவோரமாக ஓடிக்கொண்டிருக்கும். கூடையோடு போகிற அம்மா நின்றுவிடுவார்.

"இன்னா பெரீவரே, வுயுந்துட்டியா?"

"இல்லம்மா, அலைன்மென்ட்."

"அடப் பாவமே! எந்த ஆஸ்பத்திரில பாக்குறே?"

பட்டறைத் தம்பி சிரிப்பை அடக்க ஸ்பேனர் தேடப் போய்விடுவான். பாய் சிரிக்க மாட்டார். முப்பது வருஷமாக சைலன்சர் ஒட்டுகிறவர், எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார்.

"பாய், இடது ரெண்டு மில்லி இறங்கியிருக்கு."

"ரோடு சாய்வு சார்."

"நான் ரோட்டைப் பாக்கலை."

"நீங்க பாக்கலை சார். வண்டி ரோட்டு மேலதானே நிக்குது?"

பாய் சொல்வது நியாயம். மழைத்தண்ணீர் வடிய நம் தெருக்களெல்லாம் ஓரத்துக்குச் சரிந்திருக்கும். அங்கே ரசமட்டம் வைத்தால் அது மாநகராட்சியின் மட்டத்தைத்தான் காட்டும். சரி, டிக்கிக்குக் கீழே உள்ள தகட்டிலிருந்து அளக்கலாம் என்றால், இது ஹெரால்டு. டிரையம்ஃபுக்கு முழு பாடி அடித்துக் கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டதால், பாடியைத் துண்டு துண்டாகச் செய்து ஒரு தனிச் சேசிஸின்மேல் போல்ட்டுப் போட்டு நிறுத்திய வண்டி. இடது கதவிடுக்கும் வலது கதவிடுக்கும் ஒரே அளவாக இருந்தால் அது ஹெரால்டே கிடையாது. குழல் தொங்குவது சேசிஸில், தகடு பாடியைச் சேர்ந்தது. இரண்டும் சம்பந்தி வீடுகள் மாதிரி. போல்ட்டுப் போட்ட உறவு, நடுவில் ரப்பர், ஒருத்தர் சாய்வுக்கு மற்றவர் ஜவாப்தாரி இல்லை. இதில் எதை வைத்து எதை மட்டம் பார்ப்பது?

தொழில் தெரிந்தவர்கள் குழல் முனையைக் கடைசியாகத்தான் தொடுவார்கள். நம்மவரோ முதலில் அதைத்தான் பிடித்து முறுக்குவார். பாய் கையைத் தட்டிவிடாத குறையாக, "முன்னாடிலேர்ந்து வரணும் சார்" என்பார். என்ஜினிலிருந்து இறங்குகிற இடத்தில் குழாய் ஒரே ஒரு டிகிரி திரும்பினால் போதும், இரண்டு மீட்டர் தள்ளி, வால் பக்கத்தில் அது மூன்றரை சென்டிமீட்டராகிவிடும். இரண்டு முனையும் ஒரே சைலன்சரிலிருந்து பிரிவதால் இன்னொரு வம்பு. சைலன்சர் தன் இடத்தில் லேசாகப் புரண்டாலே ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அதனால் யு-கிளாம்ப் எல்லாவற்றையும் தளர்த்தி, ஹேங்கர் ரப்பர்களில் சைலன்சரை அதன் இஷ்டத்துக்குத் தொங்கவிட வேண்டும். என்ஜினைப் போட்டுச் சூடேற்ற வேண்டும். ஒரு மீட்டர் இரும்புக் குழாய் நூறு டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீளும். குளிர்ந்த குழாயில் பார்த்த மட்டம் அண்ணா சாலை போவதற்குள் மாறிவிடும். பிறகு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டு வந்து, கடைசியில் முனைகளை வைத்து, இரண்டு பொட்டு டேக் அடித்து, எட்ட நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் முழு வெல்டிங். பலவந்தமாக இழுத்துக் கட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். ஹேங்கர் ரப்பர் சீக்கிரமே கிழிந்து தொங்கும்.

அப்படி முன்னாலிருந்து வந்தபோதுதான் என்ஜின் மவுண்டிங் ரப்பர் ஒன்று உளுத்துப்போய் நசுங்கிக் கிடந்தது தெரிந்தது. என்ஜினே ஒரு பக்கமாய் உட்கார்ந்திருக்கிறது, குழல் என்ன செய்யும்? புதுப்பேட்டையிலிருந்து ஒரு ரப்பர் வந்தது. போட்டதும் கோணல் முக்கால்வாசி போய்விட்டது. தம்பி நூல் பிடித்துப் பார்த்து, "கோடு போட்டாப்ல கீது சார், வூட்டுக்கு எட்த்தும் போ" என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டான். நம்மவர் முகம் மட்டும் தெளியவில்லை. பின்பக்கத்து வியாதி முன்பக்கத்து மருந்தில் குணமானது அவருக்குப் பிடிக்கவில்லை. என்ஜினை ஐடிலிங்கில் விட்டு, மறுபடி படுத்தார்.

"பாய், ஆடுது."

"ஆடத்தான் சார் ரப்பர். ஆடாட்டி ஒடையும்."

"ஆடட்டும். ரெண்டும் ஒரே மாதிரி ஆடணுமே?"

பாய் டீ சொல்லிவிட்டார். அதற்குமேல் பதில் கிடையாது.

இவ்வளவு கறார் ஆசாமியின் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வாசல் கேட் தரையில் இடித்து முக்கால்தான் மூடும். ஹாலில் மாட்டிய தாத்தா படம் இருபது வருஷமாக ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. மாமி ஒருநாள், "அந்த ரசமட்டத்தை இங்கே ஒரு தடவை வைங்கோளேன்" என்று கேட்டிருக்கிறார். "சுவத்துல ஆணி கோணல், என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று பதில் வந்திருக்கிறது.

சட்டமும் படித்து வைத்திருக்கிறார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ போகக் கூடாது. ஒலி அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இரண்டு குழல் வைத்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் சத்தம் அதிகமோ என்று சந்தேகப்பட்டு நிறுத்த, நம்மவர் உற்சாகமாக இறங்கி, "சத்தத்தை விடுங்க சார், மட்டத்தைப் பாருங்க" என்று அவரையும் குனிய வைத்துவிட்டார். குனிந்தவர் நேர்மையானவர். "வலது கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். அபராதம் போடவில்லை. போட்டிருந்தால் நம்மவர் நிம்மதியாகக் கட்டிவிட்டுப் போயிருப்பார்.

உங்கள் வண்டியிலும் குழல் கோணலாகத் தெரிந்தால் முனையை முறுக்காதீர்கள். என்ஜின் மவுண்டிங்கையும் ஹேங்கர் ரப்பர்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும், செலவும் குறைவு. சிந்தாதிரிப்பேட்டைக்குத் தாராளமாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டாம், அன்று பாய்க்கு ஒழியாது.