காஜா பையன் வரவில்லை

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது உத்திரமேரூர்க் கடைத்தெருவில் எந்தத் தையல் கடையில் போய் நின்றாலும் பதில் ஒன்றுதான்: "காஜா போடுற பையன் வரலைங்க." பையனுக்கு என்ன ஆயிற்று, காய்ச்சலா, கல்யாணமா என்று யாரும் கேட்பதில்லை. "அப்ப எப்ப வரட்டும்?" என்பதுதான் மறுகேள்வி. சாக்கைத் தகவலாக எடுத்துக்கொண்டிருந்தால் விசாரித்திருப்போம். நாம் அதை மரியாதையாக எடுத்துக்கொள்கிறோம். துணி இன்னும் வெட்டப்படவே இல்லை என்பது தைப்பவருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும். அதை வெளிப்படையாகச் சொன்னால் சண்டை. கடையிலேயே இல்லாத ஒரு பையன் குறுக்கே நின்று இருவர் மானத்தையும் காப்பாற்றுகிறான்.

சாக்கின் கனம் கேட்கிற ஆளைப் பொறுத்தது. கூட்டாளிக்கு "வர முடியலடா" போதும். சம்பந்தி வீட்டு வளைகாப்புக்குப் போகாவிட்டால் காய்ச்சலாவது வேண்டும். சம்பந்தி வசதியானவர் என்றால் டைபாய்டு. பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் கோவைப் பக்கத்துக் கிராமப் பேச்சையும் சான்றாக வைத்து 1978-இல் எழுதிய ஆய்வில் இதற்குக் கணக்கே போட்டார்கள்: எவ்வளவு நெருக்கம், யார் பெரியவர், காரியம் எவ்வளவு பாரம் என்ற மூன்றையும் கூட்டினால் வேண்டிய பணிவின் அளவு வரும். நம் ஊர்க்காரர்கள் அதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார்கள். பழி சுமக்கும் ஆளையும் கவனமாகப் பொறுக்குவார்கள்: கரண்ட், மழை, டவர், கொள்முதல் நிலையத்திலிருந்து இன்னும் அக்கவுண்டில் ஏறாத நெல் பணம். எதுவும் சாட்சிக்கு வராது. நெல் பணம் நிஜமாகவே ஏறாதவர் பாடுதான் பரிதாபம். அவர் சொல்லும் உண்மைக்கும் அதே சட்டைதான்.

இது பொய்தானே என்பார்கள். ஏமாறுகிறவர் இல்லாத பொய்யை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆக்ஸ்போர்டு தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1956-இல் ஓர் உரையில், செய்ததைச் சரி என்று சாதிப்பதும் சாக்குச் சொல்வதும் வேறு வேறு என்றார். சாக்குச் சொல்பவர் நடந்தது சரியில்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். "அதுல என்ன தப்பு?" என்று எதிர்த்து நிற்பவரைவிட அவர் எவ்வளவோ தேவலை. டைபாய்டுக்காரர் மறுநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போண்டாவும் கையுமாக நிற்கிறார் என்று வையுங்கள். எதிரே வரும் சம்பந்திதான் முதலில் போஸ்டர் படிக்கத் திரும்புவார். ஏமாந்தவர் திரும்பமாட்டார், உடன்பட்டவர்தான் திரும்புவார்.

பொதுப்பணத்திலும் இப்படியே போனால் என்ன கதி என்று கேட்டால், அங்கே நான் கட்சி மாறிவிடுவேன். சட்டையைக் கொடுத்தவர் மனசு வைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஏரிக்காசை ஊருக்காக மன்னிக்கத் தனியாள் யாருக்கும் உரிமை இல்லை. இதே உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகள் அவை. குடத்திலிருந்து சிறுவன் எடுக்கும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கை தவறிவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் பிறகு குடத்துக்குள் போகாது. தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன், அத்தை பிள்ளை, பெரியம்மா பிள்ளை பெயர்களும் போகாது. கொடுமையான விதிதான், ஆனால் கெட்டிக்காரத்தனம். கணக்கு ஓலையைக் கறையான் அரித்துவிட்டது என்று ஒருவர் வாயெடுத்தால், சபை கேட்பதற்கு முன்னால் அவருடைய மைத்துனனே வீட்டுக்கு வந்து கறையானைக் காட்டச் சொல்லியிருப்பான்.